ஓடிபி, செயலி, பாஸ்கீ: உங்கள் கணக்குக்கு எந்தக் காவல்?

கடவுச்சொல் மட்டும் போதாது, அதற்கு மேல் இன்னொரு காவல் வேண்டும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தால் எஸ்எம்எஸ் ஓடிபி, ஆத்தென்டிகேட்டர் செயலி, அனுமதி அறிவிப்பு, பாஸ்கீ, பாதுகாப்புச் சாவி என்று வரிசையாக நிற்கின்றன. பலரும் முதலில் கண்ணில் படுவதைத் தட்டிவிட்டு வெளியே வந்துவிடுகிறோம். இவை எல்லாம் ஒரே தரம் கிடையாது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது.

இவற்றை எடைபோட நான் வைத்திருப்பது ஒரே கேள்வி: திருடன் என்னை நம்பவைத்துவிட்டான், நானும் ஒரு நிமிடம் அசந்துவிட்டேன். அதற்கப்புறமும் இந்தக் காவல் நிற்குமா? அடுத்தவர் அடையாளத்தைத் திருடுகிறவர்கள் கணினியை உடைப்பதைவிட மனிதரை ஏமாற்றுவதையே அதிகம் நம்புகிறார்கள். அதனால் இந்தக் கேள்விதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

எஸ்எம்எஸ் ஓடிபி

முதலில் இதன் நல்ல பக்கம். எதையும் நிறுவ வேண்டாம், சாதாரண பட்டன் போனிலும் வரும், வயதானவர்களுக்கும் பழக்கமானது. எங்கோ கசிந்த கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கணக்குகளில் நுழைந்து பார்க்கும் நிரல்களை இது தடுத்துவிடும். கூகுள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், மீட்பு எண்ணுக்கு வரும் எஸ்எம்எஸ் குறியீடு தானியங்கித் தாக்குதல்களை 100 சதவீதமும், போலிப் பக்கம் காட்டிப் பலருக்கும் மொத்தமாக வலைவீசும் ஃபிஷிங்கை 96 சதவீதமும் தடுத்தது. ஒருவரைக் குறிவைத்து நடக்கும் தாக்குதல் என்று வந்தபோது அது 76 சதவீதமாகக் குறைந்தது. உங்களைப் பற்றி விசாரித்துவிட்டு வருகிறவனிடம் நான்கில் ஒரு பங்கு இடம் திறந்தே கிடக்கிறது என்று பொருள்.

அந்த இடம் எங்கே திறக்கிறது? ஒன்று, சிம் மாற்று மோசடி. உங்கள் பெயர், பிறந்த தேதி, முகவரி, அடையாள எண் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு ஒருவன் செல்போன் நிறுவனத்திடம் போய் "போன் தொலைந்துவிட்டது, அதே எண்ணில் புது சிம் வேண்டும்" என்கிறான். அங்கே இருப்பவர் நம்பிவிட்டால் அந்த நொடியே உங்கள் போனில் சிக்னல் போய்விடும். அதற்குப் பின் வரும் ஒவ்வொரு ஓடிபியும் அவன் கைக்குப் போகும். 2017-இல் ஜெர்மனியில் சிம்மைக்கூட மாற்றவில்லை. தொலைபேசி வலையமைப்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 என்ற பழைய முறையில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி எஸ்எம்எஸ்களைத் திருப்பி, வங்கிக் கணக்குகளைத் துடைத்தார்கள். போன் எண் வழியே வரும் குறியீட்டை அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் அதே 2017-இல் "கட்டுப்படுத்தப்பட்ட" வகையில் சேர்த்ததற்கு இப்படிப்பட்ட ஆபத்துகளே காரணம்.

இரண்டாவது வழி இன்னும் எளிது. "இன்று இரவுக்குள் சரிபார்க்காவிட்டால் கணக்கு முடக்கப்படும்" என்று ஒரு செய்தி வருகிறது. இணைப்பைத் தட்டினால் அச்சு அசலாக அதே பக்கம். கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்கிறீர்கள். அதே நேரத்தில் திருடனின் நிரல் அதை உண்மையான தளத்தில் இட்டுவிடுகிறது. உண்மையான தளம் உடனே ஓடிபி அனுப்புகிறது. அது வழக்கமாக வரும் அதே பெயரிலிருந்து, பழைய ஓடிபிகளுக்கு அடியிலேயே வந்து உட்காருகிறது. சந்தேகப்பட என்ன இருக்கிறது? எண்ணைப் போடுகிறீர்கள், அவன் உள்ளே போய்விடுகிறான். இதில் ஓடிபியும் உண்மை, அனுப்பிய நிறுவனமும் உண்மை. பக்கம் மட்டும்தான் பொய். ஓடிபி செய்தியில் எண்ணை மட்டும் பார்க்காமல், அது எதற்காக வந்தது என்ற வரியையும் முழுதாகப் படிக்கச் சொல்வது இதனால்தான். உள்நுழைவதாக நினைத்துக்கொண்டிருப்பவருக்குப் பணப் பரிமாற்றத்துக்கான ஓடிபி வந்திருக்கலாம்.

ஆத்தென்டிகேட்டர் செயலி

இதில் குறியீடு எங்கிருந்தும் வருவதில்லை, உங்கள் போனிலேயே பிறக்கிறது. முதல் தடவை க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசியச் சாவி தளத்துக்கும் போனுக்கும் பொதுவாகிவிடுகிறது. அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, பெரும்பாலும் 30 வினாடிக்கு ஒருமுறை புது ஆறு இலக்க எண்ணைச் செயலி காட்டுகிறது. சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். சிம்மைத் திருடியவனுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. எஸ்எம்எஸ்ஸைவிட இது ஒரு படி மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் என் கேள்விக்கு இதுவும் முழுப் பதில் தராது. மேலே சொன்ன போலிப் பக்கத்தில் இந்த எண்ணையும் நீங்களே போட்டுவிட முடியும். முப்பது வினாடி என்பது ஒரு நிரலுக்குத் தாராளமான நேரம்.

அப்புறம், போன் தொலைந்தால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். செயலியின் நகல் இணையத்தில் (கிளவுட்) சேமிக்கப்படவில்லை, இப்படிப்பட்ட நேரத்தில் நுழைவதற்காகத் தளம் முன்கூட்டியே தரும் மீட்புக் குறியீடுகளையும் எடுத்துவைக்கவில்லை என்றால், திருடனைவிட முதலில் நீங்கள்தான் வெளியே நிற்பீர்கள்.

அனுமதி அறிவிப்பு

"நுழைவது நீங்கள்தானா?" என்று கேட்டு ஆம், இல்லை என்று காட்டும் முறை. வசதியானதுதான், ஆனால் சலிப்பில் உடைகிறது. 2022-இல் ஊபர் நிறுவனத்துக்குள் புகுந்தவர் செய்தது இதைத்தான்: ஒப்பந்ததாரர் ஒருவரின் கணக்குக்குத் திரும்பத் திரும்ப அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தார், கடைசியில் ஒன்று ஏற்கப்பட்டுவிட்டது. திரையில் தெரியும் எண்ணைப் போனில் இடச் சொல்லும் வகை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் நுழையாத நேரத்தில் அறிவிப்பு வந்தால், "இல்லை" என்று தட்டிவிட்டு உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். அது ஏற்கெனவே அவன் கையில் இருக்கிறது.

பாஸ்கீயும் பாதுகாப்புச் சாவியும்

ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022 மே மாதம் ஒன்றாகச் சேர்ந்து ஆதரவை அறிவித்த முறை பாஸ்கீ. கணக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி ஜோடி உருவாகிறது. பொதுச் சாவி தளத்திடம் போகிறது, ரகசியச் சாவி உங்களிடமே தங்கிவிடுகிறது. நுழையும்போது தளம் ஒரு சவாலை அனுப்பும். நீங்கள் கைரேகை வைத்தாலோ முகத்தைக் காட்டினாலோ பின் எண்ணைப் போட்டாலோ, போன் அந்தச் சவாலில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும். கைரேகை போனை விட்டு எங்கேயும் போகாது. தளத்தின் தகவல் தொகுப்பு மொத்தமும் கசிந்தாலும் அங்கே இருப்பது பொதுச் சாவி மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு யாரும் உங்கள் கணக்கில் நுழைய முடியாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. பாஸ்கீ அந்தத் தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டது. முகவரியில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் உலாவி சாவியை எடுத்துக் கொடுக்காது. நீங்கள் ஏமாந்திருக்கலாம், அவசரத்தில் இருக்கலாம், கண்ணாடி இல்லாமல் படித்திருக்கலாம். முகவரியைச் சரிபார்க்கும் வேலை உங்கள் தலையில் இல்லை. போலிப் பக்கத்தில் படித்துச் சொல்ல ஒரு எண்ணே இல்லாதபோது எதைக் கொடுத்து ஏமாற முடியும்?

யூபிகீ போன்ற பாதுகாப்புச் சாவியும் இதே தத்துவம்தான். யூஎஸ்பியில் செருகவோ போனில் ஒட்டிக் காட்டவோ வேண்டிய ஒரு சின்னக் கருவி. 2022-இல் இணையப் பாதுகாப்புச் சேவை தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் ஊழியர்களுக்கு ஒரு போலிப் பக்கத்தின் இணைப்பு எஸ்எம்எஸ்ஸில் வந்தது. மூன்று பேர் நம்பிக் கடவுச்சொல்லைக் கொடுத்தே விட்டார்கள். ஆத்தென்டிகேட்டர் எண்ணையும் கேட்டு வாங்கும்படிதான் அந்தப் பக்கம் தயாராகி இருந்தது. ஆனால் அங்கே எல்லோரிடமும் இருந்தது பாதுகாப்புச் சாவி, திருடர்களால் நுழைய முடியவில்லை. முன்பு சொன்ன கூகுள் ஆய்விலும் மூன்று வகைத் தாக்குதல்களையும் 100 சதவீதம் தடுத்தது இது ஒன்றுதான்.

குறைகளும் உண்டு. சாவிக்குக் காசு செலவாகும், அதிலும் இரண்டாக வாங்க வேண்டும், ஒன்று தொலைந்தால் இன்னொன்று. போனில் இருக்கும் பாஸ்கீ பெரும்பாலும் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கு வழியே உங்கள் மற்ற கருவிகளுக்கும் போவதால், அந்தக் கணக்கைத்தான் முதலில் இறுக்க வேண்டும். போனின் பின் எண்ணை எட்டிப்பார்த்துவிட்டு போனையும் பறித்துக்கொண்டு போகிறவனிடம் பாஸ்கீயும் தோற்கலாம். நான்கு இலக்கத்தை விட்டு நீளமான எண்ணுக்கு மாறுங்கள்.

கொல்லைக் கதவு

இவ்வளவு பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு இடத்தில் எல்லாம் வீணாகலாம். வாசலில் எத்தனை பூட்டுப் போட்டாலும் கொல்லைக் கதவைத் தாழிடாமல் விட்டால் என்ன பயன்? "கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?" என்ற இணைப்புதான் அந்தக் கதவு. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் எக்ஸ் கணக்கு 2024 ஜனவரியில் பறிபோனது. கணக்கோடு இணைந்திருந்த போன் எண்ணை சிம் மாற்று மோசடியில் கைப்பற்றி, அதன் வழியே கடவுச்சொல்லை மாற்றினார்கள். அந்த நேரத்தில் அந்தக் கணக்கில் இரண்டாம் காவல் அணைக்கப்பட்டிருந்தது.

ஆகவே பாஸ்கீ வைத்த கையோடு மீட்பு வழிகளையும் பாருங்கள். பாஸ்கீயோ செயலியோ இருக்கும் கணக்கில் தளம் அனுமதித்தால் போன் எண் வழி மீட்பை எடுத்துவிடுங்கள். பழைய, பயன்படுத்தாத மின்னஞ்சல் முகவரி மீட்பு முகவரியாகக் கிடந்தால் அதையும் நீக்குங்கள்.

சரி, எதை எங்கே?

மின்னஞ்சலுக்குத்தான் முதலிடம், அதற்குப் பாஸ்கீ அல்லது பாதுகாப்புச் சாவி. மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றும் இணைப்பு அங்கேதான் வந்து விழுகிறது. வங்கி, முதலீட்டுக் கணக்குகளில் பாஸ்கீ இருந்தால் அதுவே, இல்லாவிட்டால் செயலி. எஸ்எம்எஸ் தவிர வேறு வழி தராத இடத்தில் எஸ்எம்எஸ்ஸையே வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் இல்லாததைவிட அது எவ்வளவோ மேல். கூடவே, எண்ணை வேறு சிம்முக்கு மாற்ற முடியாதபடி பூட்டும் வசதி இருக்கிறதா என்று செல்போன் நிறுவனத்திடம் கேளுங்கள். காரணமில்லாமல் போனில் சிக்னல் போய்விட்டால், வேறொரு போனிலிருந்து முதலில் வங்கியை அழையுங்கள், பிறகு செல்போன் நிறுவனத்தை. மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி, போனோடு சேர்த்து வைக்காமல் தனியாக வையுங்கள்.

இவை எதுவுமே தடுக்காத ஒரு மோசடி இருக்கிறது, அதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. "உங்கள் கணக்கில் மோசடி நடந்திருக்கிறது, பணத்தைப் பாதுகாப்பான கணக்குக்கு மாற்றுங்கள்" என்று அதிகாரி போலப் பேசுகிறவனின் பேச்சைக் கேட்டு, நீங்களே முறையாக நுழைந்து நீங்களே பணத்தை அனுப்பினால் எந்தச் சாவியும் குறுக்கே வராது. திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வதும் இதே வகைதான். எந்த வங்கியும் போனில் அழைத்து இப்படிப் பணத்தை மாற்றச் சொல்லாது. அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். அவன் கொடுத்த எண்ணிலோ, திரையில் தெரிந்த எண்ணிலோ திரும்ப அழைக்க வேண்டாம். வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை நீங்களே அழுத்திக் கேளுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் அதே எண்ணில் உடனே சொல்லிவிடுங்கள். பெறுகிற கணக்கிலிருந்து அது அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்திவைக்க வங்கிக்கு வாய்ப்பு இருப்பது அந்தச் சற்று நேரத்தில்தான்.