வீட்டில் பிரஷர் வாஷர்: சில வருடம் புழங்கிய பிறகு

பிரஷர் வாஷர், அதாவது தண்ணீரை அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் மெஷின், வாங்கிவிட்டால் கை வைக்காமலே காரைப் பளபளவென்று ஆக்கிவிடலாம் என்று நம்பி வாங்குகிறவர்கள் நிறையப் பேர். விளம்பர வீடியோக்களும் அப்படித்தான் காட்டுகின்றன. சில வருடமாக வீட்டில் வைத்துப் புழங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், அது மண்ணைத் தள்ளும், சேற்றைக் கரைக்கும், அவ்வளவுதான். பெயின்ட் மேல் மெலிதாக ஒட்டியிருக்கும் தூசிப் படலம் கையால் தேய்த்தால்தான் போகும். வெறும் தண்ணீர் அடித்துக் காயவிட்டு விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், தெரியும்.

அப்படியானால் எதற்கு வாங்குவது? தேய்ப்பதற்கு முன்னால் மணலை எடுப்பதற்கு. வெயிலில் பார்த்தால் பானட்டில் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியுமே, அவை பெரும்பாலும் மணலோடு சேர்த்துத் துணி போட்டுத் தேய்த்ததால் வந்தவை. எங்கள் வீடு சென்னைப் புறநகரில். தெரு இன்னும் பாதி மண் ரோடு. மழைக்காலத்தில் வீல் ஆர்ச்சுக்குள் சேறு அப்பிக் காய்ந்து கிடக்கும். பக்கெட்டும் துணியும் வைத்துக்கொண்டு அதை எடுப்பது நடக்காத காரியம். இந்த மெஷினில் நிமிட வேலை.

என்னுடையது 1,500 வாட் மெஷின். பெட்டியில் 120 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) என்று போட்டிருக்கும். அது உச்ச அளவு. வேலை செய்யும்போது கிடைக்கும் அழுத்தம் அதைவிடக் குறைவு. காருக்கு அதுவே தாராளம். ஆன்லைனில் 180 பார், 200 பார் என்று போட்டு விற்பதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. வாசல் தரையில் பாசி எடுக்க அதிகப் பிரஷர் உதவும், பெயின்ட்டுக்கு அது ஆபத்துதான்.

பாரைவிட முக்கியம் நாசிலும் (தண்ணீர் வெளிவரும் முனை) தூரமும். தனித்தனி நாசில் வருகிற மெஷின்களில் தண்ணீர் விரியும் கோணம் வழக்கமாகச் சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. கார் பாடிக்கு வெள்ளை. டயர் பக்கத்துக்கும் வீல் ஆர்ச்சுக்கும் பச்சை. சிவப்பை நான் காருக்கு மாட்டுவதே இல்லை. தண்ணீர் ஊசி மாதிரி ஒரே புள்ளியில் இறங்கும். சுழன்றுகொண்டே அடிக்கும் டர்போ நாசிலும் அதே ரகம்தான், அது சிமென்ட் தரைக்கு. தூரம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு: 40 டிகிரி நாசிலை 30 செ.மீ. தள்ளிப் பிடித்தால் தண்ணீர் சுமார் 22 செ.மீ. அகலத்துக்கு விசிறி போல விரிகிறது. 10 செ.மீ.க்குக் கொண்டுபோனால் அகலம் 7 செ.மீ. சொச்சம். அதே தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் விழுகிறது. போகாத கறையைப் பார்த்தால் கை தானாகக் கிட்டே போகும், கட்டுப்படுத்த வேண்டியது அந்தக் கையைத்தான். பறவை எச்சமோ காய்ந்த பூச்சியோ இருந்தால் ஈரத் துணியைப் போட்டு ஊறவிடுகிறேன். பிரஷரை நம்புவதில்லை.

கம்பெனி பெயின்ட் நல்ல நிலையில் இருந்தால் 30 செ.மீ. தூரத்தில் ஒன்றும் ஆகாது. ஆனால் கல் தெறித்துப் பொத்தல் விழுந்த இடம், டச்சப் செய்த இடம், பட்டி வைத்து மறுபடி பெயின்ட் அடித்த பம்பர், இவை வேறு கதை. என் மைத்துனர் காரில் பின் பம்பரை ஒரு முறை பெயின்ட் அடித்திருந்தார்கள். ஒரு வாட்டர் வாஷில் பையன் கன்னை (தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கிப் பிடியை) கிட்டே கொண்டுபோய் விளிம்பில் அடிக்க, உள்ளங்கை அளவுக்கு ஏடு ஏடாக உரிந்து வந்தது. விளிம்புதான் பலவீனமான இடம். தண்ணீர் அடியில் நுழைந்துவிட்டால் தோலை உரிப்பது மாதிரி உரித்துவிடும். அதனால் பொத்தல் இருக்கும் பக்கம் நேராக அடிக்காமல், மேலிருந்து கீழாகச் சாய்வாக ஓட்டிவிடுவேன். ஸ்டிக்கர், நம்பர் பிளேட் எழுத்து இரண்டுக்கும் இதே கவனம்தான்.

டயர் விஷயம் பலருக்குத் தெரியாது. டயரின் பக்கச் சுவரில் மிகக் கிட்டே வைத்து அடித்தால் ரப்பரின் உள்ளே சேதமாகலாம்; வெளியே உடனே எதுவும் தெரியாது, பிறகு ஓடும்போது வெடிக்கக்கூடும். மெஷினோடு வரும் கையேடுகளிலேயே 30 செ.மீ. தள்ளி அடிக்கச் சொல்லி எச்சரிக்கை இருக்கும், யாரும் படிப்பதில்லை. முன் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் ஏசி கண்டென்சர், ரேடியேட்டர் இரண்டின் தகடுகளும் ரொம்ப மெல்லியவை, மடங்கிவிட்டால் காற்று போகாது. கதவுப் பீடிங் (ஓர ரப்பர்), பார்க்கிங் சென்சார், பின் கேமரா எல்லாவற்றுக்கும் தூரத்திலிருந்து அலசினால் போதும். பானட்டைத் திறந்து எஞ்சின் மேல் அடிக்கவே அடிக்காதீர்கள். வயர் கனெக்டருக்குள் தண்ணீர் போனால் மறுநாள் மெக்கானிக் கடையில் உட்கார வேண்டியதுதான். மின்சாரக் காராக இருந்தால் சார்ஜிங் மூடி இருக்கும் இடத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காரைவிட முதலில் காப்பாற்ற வேண்டியது நம் கால்களை. நம் ஊரில் கார் கழுவுவது என்றால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு இறங்குவதுதான் வழக்கம். இந்த மெஷினுக்கு அது கூடாது. கிட்டத்தில் பட்டால் தோலைத் துளைத்துத் தண்ணீர் உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே தசை வரை பாதிப்பு இருக்கும். அப்படி நேர்ந்தால் மருந்து போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஷூ, கண்ணாடி இரண்டும் போட்டுக்கொள்கிறேன். தெறிக்கிற மணல் கண்ணுக்குத்தான் குறி வைக்கும். பிள்ளைகள் கன்னைப் பார்த்தால் விளையாட்டுத் துப்பாக்கி என்றுதான் நினைக்கும், அவர்களை அந்தப் பக்கமே விடுவதில்லை.

அடுத்தது கரண்ட். 1,500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர் இழுக்கும். டிவி மாட்டுகிற 6 ஆம்பியர் பாயிண்ட்டில் சொருகக் கூடாது, 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும், சரியான எர்த் வேண்டும். ஈரத் தரையில் நின்றுகொண்டு செய்கிற வேலை, அதனால் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் தவிர்க்க முடியாவிட்டால் கனமான மூன்று கோர் வயர் வாங்கி, சுருளை முழுதாகப் பிரித்துப் போட்டு, ப்ளக் சேரும் இடத்தை ஈரம் படாமல் உயரத்தில் வைக்க வேண்டும். சுருட்டி வைத்தபடி ஓட்டினால் வயர் சூடாகும்.

மெஷின் கெடுவது பெரும்பாலும் தண்ணீர் வரும் வழியால்தான். மாடியில் இருக்கும் டேங்க் ஏழு மீட்டர் உயரத்தில் இருந்தாலும் கிடைப்பது 0.7 பார்தான். குறுகலான பைப்பில் வந்தால் பம்ப் தண்ணீருக்கு ஏங்கும். சத்தம் மாறும், கன் துடிக்கும். என் மெஷின் அப்படித் துடித்தபோது காரணம் தண்ணீர் நுழையும் இன்லெட்டில் இருக்கும் கட்டைவிரல் அளவு வலை. போர் தண்ணீர் உப்பு அதில் வெள்ளையாகப் படிந்து பாதிக் கண்ணை அடைத்திருந்தது. இடுக்கியால் இழுத்து எடுத்து, வினிகரில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்ததும் சரியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் கன்னை மாட்டிய பிறகு தண்ணீரைத் திறந்து, டிரிகரை அழுத்திக் காற்று போய்ச் சீராகத் தண்ணீர் வந்த பிறகே சுவிட்ச் போடுகிறேன். முடிந்ததும் சுவிட்சை அணைத்து, டிரிகரை அழுத்தி மிச்சப் பிரஷரை வெளியே விட வேண்டும். அதை விடாமல் வைத்தால் ஓ-ரிங் (இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம்) சீக்கிரம் போகும். ஓ-ரிங் போனால் பயப்பட ஒன்றுமில்லை, ஹார்டுவேர் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும்.

மெஷினோடு வரும் சோப்பு பாட்டில் உபயோகமில்லை, நுரை வராது, சோப்புத் தண்ணீர்தான் வரும். தனியாக ஃபோம் கேனன் வாங்கியதும்தான் ஷேவிங் கிரீம் பதத்தில் நுரை நின்றது. பாத்திரம் கழுவும் லிக்விட் வேண்டாம், மேலே போட்ட வாக்ஸைச் சுரண்டிவிடும். கார் ஷாம்பு போட்டு, நிழலில், சில நிமிடம் விட்டு, காய்வதற்குள் அலசி, பிறகு ஷாம்பு கையுறையால் தேய்த்து மறுபடி அலச வேண்டும்.

போர் தண்ணீர்க்காரர்களுக்கு இன்னொன்று. காயவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும், அதனால் உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். ஆர்ஓ மெஷினில் வீணாகும் தண்ணீரைக் காருக்குப் பயன்படுத்தலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதில் உப்பு இன்னும் கூடுதல்; கடைசி அலசலுக்கு நிச்சயம் ஆகாது.

தண்ணீர்ச் செலவு குறைவுதான். டிரிகர் அழுத்தியிருக்கும்போது நிமிடத்துக்கு ஆறு லிட்டர் சொச்சம். சாதாரண ஹோஸை விட்டு வைத்தால் அதைப் போல இரண்டு மடங்கு போகும். என்றாலும் 2019 கோடையில் சென்னை பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024-ல் பெங்களூருவில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தார்கள். கோடையில் நான் பாடியைத் தொடுவதில்லை, வீல் ஆர்ச் மட்டும்.

குறை என்றால் சத்தம். இந்த ரக மெஷினில் வருவது கார்பன் பிரஷ் மோட்டார், மிக்ஸி ஓடுவதைவிடக் கூடுதலாகக் கத்தும். இண்டக்‌ஷன் மோட்டார் மெஷின் அமைதியானது, உழைக்கும், ஆனால் கனம், விலையும் அதிகம். இன்னொன்று, கூடவே வந்த பிளாஸ்டிக் ஹோஸ் விறைப்பாகச் சுருண்டுகொண்டு காரைச் சுற்றி இழுக்கும்போது பம்பரில் உரசுகிறது. அதைத்தான் அடுத்து மாற்றப் போகிறேன், கொஞ்சம் நீளமான ரப்பர் ஹோஸாக.