சரக்கு வாங்கும் பையருக்குப் போடும் பதில் ஸ்பேமில் விழாமல் இருக்க எந்த மெயில் ஏற்பாடு தேறும்?

திருப்பூர் பனியன் கம்பெனி, கரூர் ஜவுளி ஏற்றுமதியாளர், கோவை பம்ப்செட் தயாரிப்பாளர் என்று யாரை எடுத்தாலும், மெயில் வைத்திருக்கும் விதம் பெரும்பாலும் நான்கில் ஒன்றுதான். ஒன்று, இலவச ஜிமெயில். இரண்டு, வெப்சைட் ஹோஸ்டிங்கோடு சேர்ந்து வந்த மெயில். மூன்று, கம்பெனி முகவரிக்கு வருவதை ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டு அங்கிருந்தே பதில் போடுவது. நான்கு, ஸோஹோ, கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365 போன்ற சேவைகள். இதில் எது நல்லது என்பதை மாத வாடகையை வைத்து முடிவு செய்யக் கூடாது. அனுப்புநர் இடத்தில் நிற்கும் டொமைனும் (முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பேர்) மெயிலுக்குக் கையெழுத்துப் போடும் டொமைனும் ஒன்றா என்றுதான் பார்க்க வேண்டும்.

‘எங்கள் பேரில் மெயில் அனுப்ப இந்த சர்வர்களுக்கு அனுமதி உண்டு’ என்று டிஎன்எஸ்ஸில் (டொமைனின் பொதுப் பதிவேட்டில்) எழுதி வைக்கும் வரி எஸ்பிஎஃப். ஒவ்வொரு மெயிலிலும் விழும் டிஜிட்டல் கையெழுத்து டிகிம். இவற்றில் ஒன்றாவது அனுப்புநர் டொமைனோடு பொருந்துகிறதா, பொருந்தாவிட்டால் அந்த மெயிலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் எல்லா அனுப்புநரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கேட்கிறது. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம். ‘நாம ஐம்பதுதானே அனுப்பறோம்’ என்று டிமார்க்கை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் உங்கள் டொமைனையே போட்டு ‘பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது’ என்று பையருக்கு எவனும் எழுதலாம்.

இலவச ஜிமெயிலுக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். அதில் மூன்று சோதனையும் தானாகவே தேறிவிடும். அரைகுறையாக அமைத்த கம்பெனி மெயிலைவிட அது ஒழுங்காகப் போய்ச் சேரும். ஆனால் அதே கம்பெனிப் பேரில் இன்னொரு ஜிமெயிலை யாரும் ஐந்து நிமிடத்தில் திறந்துவிடலாம். பேமெண்ட் விவரம் போகிற வியாபாரத்துக்கு அது சரிப்படாது.

ஹோஸ்டிங் மெயிலில் பிரச்சினை பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து வரும். நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகள் ஒரே ஐபி முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. அதில் ஒன்று ஹேக் ஆகிக் குப்பை மெயிலைக் கொட்டினால், ஸ்பேம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியலில் அந்த ஐபி ஏறிவிடும். அதே ஐபியிலிருந்து போகும் உங்கள் பிஐயும் (ப்ரொஃபார்மா இன்வாய்ஸ்) மாட்டும். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் ‘ஈமெயில் டெலிவரபிலிட்டி’ பக்கம் போய் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டையும் சரிசெய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் ஐபியின் பேர் கெட்டுப்போனால் அதை மீட்பது உங்கள் கையில் இல்லை.

நான்கிலும் மோசமானது மூன்றாவது வழி. பையர் கம்பெனி முகவரிக்கு எழுதுகிறார், பதில் வேறொரு ஜிமெயிலிலிருந்து வருகிறது. மோசடிக்காரர்கள் நடுவில் நுழைவதும் இதே மாதிரிதான் என்பதால், பையர் பக்க ஃபில்டர் சந்தேகப்படுவதில் தப்பில்லை. போதாக்குறைக்கு, திருப்பிவிடும்போது உங்களுக்கு வந்த ஸ்பேமும் சேர்ந்து போகும். அதை அனுப்பியது உங்கள் ஹோஸ்டிங் சர்வர் என்றே ஜிமெயில் கணக்கு வைக்கும்.

சேவைகளுக்கு வருவோம். போய்ச் சேருவதைப் பொறுத்தவரை மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாலைந்து பேர் உள்ள ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு ஸோஹோ போதும். அதன் இலவசத் திட்டத்தில் மட்டும் அவுட்லுக் மென்பொருளை இணைக்க முடியாது. பலர் தவறுவது வேறு இடத்தில். பணம் கட்டியாயிற்று, டிகிம் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடுகிறார்கள். வொர்க்ஸ்பேஸில் அட்மின் கன்சோலில் சாவியை உருவாக்கி, டிஎன்எஸ்ஸில் ஒட்டி, ‘ஸ்டார்ட் ஆதெண்டிகேஷன்’ அழுத்தும்வரை கையெழுத்து கூகுளின் டொமைனில்தான் விழும். மைக்ரோசாஃப்டிலும் அப்படியே, அங்கே டிஎன்எஸ்ஸில் இரண்டு சிநேம் பதிவுகளை (ஒரு பேரை இன்னொரு பேருக்குத் திருப்பும் வரிகள்) சேர்த்து டிகிமை இயக்க வேண்டும்.

டிஎன்எஸ்ஸில் அடிக்கடி சறுக்கும் இடங்கள் சில. ஹோஸ்டிங்கிலிருந்து ஸோஹோவுக்கு மாறும்போது பழைய எஸ்பிஎஃப் வரியை நீக்காமல் புதியதைச் சேர்ப்பார்கள். ஒரே டொமைனில் இரண்டு வரி இருந்தால் இரண்டும் செல்லாது. எல்லாவற்றையும் ஒரே வரியில் சேர்க்க வேண்டும், அதிலும் 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் போகக் கூடாது. 2048 பிட் டிகிம் சாவி 255 எழுத்தைத் தாண்டும். சில பேனல்கள் அதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும், அதனால் ஒட்டிய பிறகு கடைசி எழுத்துவரை ஒப்பிட்டுப் பாருங்கள். டிமார்க்கைக் கண்காணிப்பு நிலையில் தொடங்கி, மூன்று நான்கு வாரம் அறிக்கைகளைப் பார்த்து, டேலி, வெப்சைட் ஃபாரம் வழியே போகும் மெயில் எல்லாம் தேறிய பிறகே ‘குவாரண்டைன்’ (ஒதுக்கி வை), ‘ரிஜெக்ட்’ (நிராகரி) என்று இறுக்க வேண்டும். ஃபாரத்தில் வாடிக்கையாளரின் முகவரியை அனுப்புநர் இடத்தில் வைக்காமல் ‘ரிப்ளை டு’ இடத்தில் வையுங்கள்.

சோதிக்க, கம்பெனி மெயிலிலிருந்து ஒரு ஜிமெயிலுக்கு அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி, ‘ஷோ ஒரிஜினல்’ போங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் நேராக ‘பாஸ்’ இருக்க வேண்டும். டிகிம் வரியில் ‘பாஸ்’ பக்கத்தில் நிற்கும் டொமைன் பேரையும் படியுங்கள்; உங்கள் பேர் இல்லையென்றால் வேலை முடியவில்லை.

பதில் எழுதும்போது புது மெயில் தொடங்காமல் பையரின் மெயிலுக்கே ரிப்ளை கொடுங்கள். சுருக்கிய லிங்க் வேண்டாம். இணைப்புக் கோப்புகள் அனுப்பும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும் என்பதால், 25 எம்பி வரம்புக்கு 18 எம்பியோடு நிறுத்துங்கள். பையர் மைக்ரோசாஃப்ட் 365-ல் இருந்தால் மெயில் ஜங்க்கிலும் இல்லாமல் குவாரண்டைனில் கிடக்கலாம். அதை விடுவிக்கச் சொல்லி அவர்களின் ஐடி ஆளிடம் கேட்கச் சொல்லுங்கள்.

எதைத் தொடுவதற்கும் முன் டொமைன் யார் பேரில் இருக்கிறது, டிஎன்எஸ் பாஸ்வேர்டு வெப் டிசைனரிடமா உங்களிடமா என்று உறுதி செய்யுங்கள். புதிய சேவைக்கு மாற்றும் வேலையை ஞாயிறன்று வையுங்கள், ஐரோப்பாவும் அமெரிக்காவும் அன்று விடுமுறை. முந்தின நாளே எம்எக்ஸ் பதிவின் (வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் வரி) டிடிஎல்லை, அதாவது மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 நொடிக்குக் குறைத்துவிடுங்கள். பழைய ஹோஸ்டிங் பெட்டியை ஒரு வாரமாவது மூடாமல் தினமும் திறந்து பாருங்கள். வழி மாறாத மெயில் சில அங்கேதான் வந்து கிடக்கும்.