ஹிஸ்டாரிக் ஹன்சார்ட்: ஒரு பின்வரிசை உறுப்பினரைப் படிக்க நல்ல இடம்

பிரிட்டிஷ் நாடாளுமன்றப் பேச்சுகளின் அதிகாரபூர்வப் பதிவுக்கு ஹன்சார்ட் என்று பெயர். அதன் ‘ஹிஸ்டாரிக் ஹன்சார்ட்’ தளத்தில் 1803 முதல் 2005 வரையிலான அவைப் பேச்சுகள் இருக்கின்றன. காசு கிடையாது. கணக்குத் தொடங்கச் சொல்லி நச்சரிப்பதும் கிடையாது. நான் அதில் தேடிப் போனது டாம் டியெல் என்ற ஒருவரை.

ஸ்காட்லாந்துக்காரர், ஈட்டன் பள்ளியில் படித்த பெரிய வீட்டுப் பிள்ளை. கேம்பிரிட்ஜில் கன்சர்வேட்டிவ் மாணவர் சங்கத் தலைவராக இருந்தவர், 1956-இல் பிரிட்டன் எகிப்துமேல் படையெடுத்த சூயஸ் நெருக்கடிக்குப் பிறகு லேபர் கட்சிக்கு வந்துவிட்டார். 1962 இடைத்தேர்தலில் வெஸ்ட் லோதியனில் ஜெயித்தவர், 2005 வரை உறுப்பினராகவே இருந்தார். ஒருநாளும் அமைச்சரானதில்லை; பதவி இல்லாத பின்வரிசை உறுப்பினர்தான். இப்படிப்பட்டவரின் அரசியல் வாழ்க்கை முழுக்க அவர் கேட்ட கேள்விகளில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தத் தளம் எனக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது. அவர் பெயரைத் தொட்டால் பேச்சுகளை ஆண்டு ஆண்டாகப் பிரித்து அடுக்கிக் காட்டுகிறது.

1967-க்குப் போங்கள். இந்தியப் பெருங்கடலில் உள்ள அல்டாப்ரா என்ற பவளத்தீவில் ராணுவ விமானதளம் கட்ட அரசு யோசித்த நேரம். ராட்சத ஆமைகளும் பறக்க முடியாத ஒரு பறவையினமும் வாழும் தீவு அது. அறிவியலாளர்கள் தந்த விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு, தன் சொந்தக் கட்சி அமைச்சர்களையே டியெல் கேள்விமேல் கேள்வி கேட்டுக் குடைந்தார். நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. பவுண்டின் மதிப்பு இறங்கி, செலவைக் குறைக்க வேண்டி வந்தது பெரிய காரணம். ஆனாலும் விஷயத்தை ஆறவிடாமல் வைத்திருந்ததில் அவருக்குப் பங்கு உண்டு.

தளத்தின் உண்மையான பலம் என்னவென்றால், கேள்விக்குக் கீழேயே பதிலும் இருக்கிறது. யார் நேராகப் பதில் சொன்னார், யார் நழுவினார் என்று நாமே பார்த்துவிடலாம். பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போரில், 1982 மே 2 அன்று பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஒன்று அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோ கப்பலை மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். மே 4 பக்கத்தைத் திறந்தால், அந்தக் கப்பலும் துணைக் கப்பல்களும் பிரிட்டிஷ் படையை நெருங்கிக்கொண்டிருந்ததாகப் பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் சொல்வது இருக்கும். தாக்கப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே கப்பல் திரும்பி எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது என்பது பிறகுதான் வெளியே வந்தது. டியெல் வருடக்கணக்கில் விடவில்லை. எந்தத் திசையில் போனது, எப்போது திரும்பியது, அது யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1984-இல் பாதுகாப்புத் துறை அதிகாரி கிளைவ் பான்டிங் அவருக்கு ஆவணங்களை அனுப்பினார். அரசு வழக்குப் போட்டது, 1985-இல் ஜூரி பான்டிங்கை விடுவித்தது. இந்த வருடங்களை வரிசையாகப் படிக்கும்போது, பதவி இல்லாத ஒரு மனிதரின் பிடிவாதம் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிகிறது. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது இங்கேதான்.

சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. அச்சுத் தொகுதிகளை ஸ்கேன் செய்து ஏற்றியவை என்பதால் அங்கங்கே எழுத்து பிசகியிருக்கும். பெயர், தேதி வழியாகப் போவதுதான் இங்கே சுலபம். ஒரு சொல்லை வைத்துத் தேட வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தின் புதிய ஹன்சார்ட் தளம் இருக்கிறது. உரையெல்லாம் ஆங்கிலம், அதுவும் அவை மரபுச் சொற்கள் நிறைந்த ஆங்கிலம். முதலில் கொஞ்சம் மெதுவாகத்தான் நகரும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 1977 நவம்பர் 14-ஐத் திறக்கலாம். ஸ்காட்லாந்துக்குத் தனி அவை வந்த பிறகும், ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து உறுப்பினர்கள் 119 பேர் இங்கிலாந்து விவகாரங்களில் ஓட்டுப் போடுவதை இங்கிலாந்துக்காரர்கள் எத்தனை காலம் பொறுத்துக்கொள்வார்கள் என்று டியெல் கேட்கிறார். அதற்கு ‘வெஸ்ட் லோதியன் கேள்வி’ என்று பெயர் வைத்தவர் இன்னொரு உறுப்பினரான ஈனக் பவல். அதைச் சமாளிக்க 2015-இல் தனி விதி ஒன்று கொண்டுவந்தார்கள். 2021-இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.