160 டாலரை விழுங்கிய துப்பாக்கிக் கடை: வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். டெக்சாஸில் தூண்டில் முதல் கூடாரம் வரை விற்கும் பெரிய கடை ஒன்று, பின்பக்கத்தில் துப்பாக்கிப் பிரிவு. அங்கே என் 160 டாலர் போய்விட்டது. துப்பாக்கியும் கைக்கு வரவில்லை.

பறக்கும் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகுவதற்காக 640 டாலருக்கு ஒரு ஷாட்கன் பார்த்தேன். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் இங்கே சட்டப்படி வாங்கலாம். 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், கடைக்காரர் எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனைப் பிரிவைக் கேட்பார். கொடுக்கலாம், கூடாது, தாமதம் என்று மூன்றில் ஒரு பதில் வரும். பதிவேட்டில் இருக்கும் யாரோ ஒருவரின் பெயரோடு நம் பெயர் ஒத்துப்போனாலே தாமதமாகலாம். அப்பா பெயரைக் கடைசிப் பெயராகச் சுமந்துகொண்டு, ஓர் அட்டையில் முன்னும் இன்னொன்றில் பின்னுமாகப் புரளும் நம் பெயர்களைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

அதனால்தான் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டேன், தாமதம் என்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று. கவுன்டரில் இருந்தவர் வெள்ளைத் தாடிக்காரர், நிதானமான பேச்சு. துப்பாக்கியைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்த பிறகே என் கையில் கொடுத்தார். அந்த ஒழுங்கு ஒன்றே போதுமாக இருந்தது எனக்கு. "கவலையே படாதீர்கள். மூன்று வேலை நாட்களில் பதில் வராவிட்டால் சட்டப்படி கொடுத்துவிடலாம். வந்து எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார். 640 டாலரையும் கட்டினேன். தாமதம் என்றே வந்தது.

மூன்று வேலை நாட்கள் கழித்துப் போனால் கவுன்டரில் வேறொருவர். "எஃப்.பி.ஐ. சம்மதம் சொல்லாமல் கொடுக்க முடியாது. சட்டம் அப்படி." சட்டம் அப்படி இல்லை! 1993ஆம் ஆண்டின் பிரேடி சட்டப்படி, அந்த மூன்று நாட்களுக்குள் மறுப்பு வராவிட்டால் கடை கொடுக்கலாம். கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆக, கொடுக்காமல் இருப்பது கடை தானாக வைத்துக்கொண்ட விதி. வைத்துக்கொள்ளட்டும். பதில் தெரியாமல் ஆயுதம் தர மாட்டோம் என்பதில் நியாயம்கூட இருக்கிறது. ஆனால் அதைப் பணம் வாங்குவதற்கு முன் சொல்ல வாய் வரவில்லையே! கேட்டால் பழியை அரசாங்கத்தின் மேல் போடுகிறார்கள்.

அப்புறம் அலைக்கழிப்பு. தாடிக்காரருக்கு இன்று விடுமுறை. மேலாளர் கூட்டத்தில் இருக்கிறார், அவரே அழைப்பார். அழைக்கவில்லை. தலைமை அலுவலக எண்ணுக்குப் பேசினால் கிளையில் கேளுங்கள் என்றார்கள், கிளையில் தலைமை அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். இதற்குள் 30 நாட்கள் கடந்துவிட்டதால் பழைய சோதனை செல்லாதாம், புதுப் படிவம், புதுச் சோதனை. இந்த 30 நாள் கணக்கு மட்டும் உண்மையிலேயே சட்டம். வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அப்போதுதான் மேலாளர் நேரில் வந்தார், ரசீதின் பின்பக்கத்தைக் காட்டுவதற்காக. ரத்து செய்தால் 25 சதவீதம் ரீஸ்டாக்கிங் கட்டணம். கடையை விட்டு வெளியே போகாத பொருளை மறுபடி அலமாரியில் வைக்க 160 டாலர்! "எங்கள் கொள்கை" என்றார். இந்த முறை சட்டம் என்று சொல்லவில்லை, கவனியுங்கள்.

வாங்குகிறவர்களுக்கு விரிவாக வழி சொல்லத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. தாமதம் வந்தால் கொடுப்பீர்களா, ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பீர்கள், இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி முழுத் தொகையைக் கட்டாதீர்கள். அடிக்கடி தாமதத்தில் சிக்குகிறவர்கள் எஃப்.பி.ஐ.யிடம் விண்ணப்பித்துத் தனி அடையாள எண் வாங்கிக்கொள்ளலாம். படிவத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ரசீதைத் திருப்பிப் பாருங்கள். கிரெடிட் கார்டு வங்கியில் முறையீடு கொடுத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்று அங்கேயும் இழுக்கிறார்கள். 160 டாலரை நான் விடப்போவதில்லை.