15 குதிரைத்திறன் எஞ்சினும் பெர்னாம் ஆற்று வண்டலும்

என்னிடம் இருக்கும் அதே 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்) இப்போது விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா அண்ணே என்று மலேசியாவின் தெலுக் இந்தான் ஊர்த் தம்பி ஒருவர் கேட்டார். எண்ணெய்க் கலவை, எடை, வேகம் எல்லாம் அவருக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியது தண்ணீரைப் பற்றித்தான்.

எஞ்சின் ஓடும்போது பின்பக்கம் ஒல்லியாக ஒரு நீர்த்தாரை பீச்சும். ஆற்று நீரை இழுத்து எஞ்சினைக் குளிர வைக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். தாரை மெலிந்தால் கவனிக்க வேண்டும், நின்றால் உடனே அணைத்துவிட வேண்டும். ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து பெர்னாம் ஆற்றில் மேலேறும்போது பாதி நேரம் என் கண் அந்தத் தாரையில்தான் இருக்கிறது. நம் ஆறு பால் விட்ட தேத்தண்ணி நிறம். அத்தனையும் வண்டல். நீரை இழுக்கும் பம்புக்குள் சுற்றும் இம்பெல்லர் சின்ன ரப்பர் சக்கரம்தான். வண்டல் அதன் இதழ்களை உரசி உரசியே தின்றுவிடுகிறது. போன வாரம் கழற்றிப் பார்த்தபோது இதழ்களின் ஓரமெல்லாம் மழுங்கி, ஒன்று அடியோடு பிய்ந்திருந்தது. சுற்றியுள்ள கூட்டிலும் கோடு கோடாகக் கீறல். இதை மாற்ற எஞ்சினின் கீழ்ப்பாகத்தை கியரோடு சேர்த்து இறக்க வேண்டும். துருவேறிய போல்ட்டு லேசில் அசையாது. பிய்ந்த துண்டு நீர்ப்பாதையில் எங்கே போய்ச் சிக்கியது என்றும் தேட வேண்டும்.

சேற்றுத் தண்ணீரில் ஓடினால் எந்தக் கம்பெனி பம்பும் தேயத்தான் செய்யும். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாரை வரும் துளையை இவ்வளவு சின்னதாக ஏன் வைத்தார்கள்? ஒரு மண்துகள் போதும், அடைத்துக்கொள்கிறது. பம்பு போனதா, துளை அடைத்ததா என்று தெரியாமல் நடு ஆற்றில், கொளுத்தும் வெயிலில், தடித்த தூண்டில் நரம்பை உள்ளே விட்டுக் குத்திக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. விற்ற கடையில் கேட்டால் இதெல்லாம் சாதாரணம் என்கிறார்கள். இம்பெல்லர் கேட்டால் ஆர்டர் போட்டுக் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஆற்றோரத்தில் கடை வைத்துக்கொண்டு அடிக்கடி தேயும் சாமானைக் கைவசம் வைக்காதது எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் ஓட்டத்தையும் சொல்ல வேண்டும். கடல் ஏற்றம் பார்த்துக் கிளம்பினால் நீரே படகை மேலே தள்ளும். எஞ்சினைப் பாதி முறுக்கினால் போதும், பெட்ரோலும் மிச்சம். இடக்கைப் பக்கம் பேராக் மாநிலம், வலக்கைப் பக்கம் சிலாங்கூர் மாநிலம். சேற்றுக் கரையில் வளரும் நீப்பா பனைப் புதர் குறைந்து செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம் தொடங்கும். சாலையிலிருந்து பார்த்தால் தோட்டம் என்பது வெறும் மர வரிசை. ஆற்றிலிருந்து பார்த்தால்தான் ஏற்றநீர் உள்ளே ஏறாமல் தடுக்கும் மதகு, அதன்மேல் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் தாத்தா, தலைக்குமேல் வட்டமிடும் செம்பருந்து எல்லாம் தெரியும். "எங்கப்பா, மேலயா?" என்று தாத்தா கேட்பார். வேகத்தைக் குறைத்துப் பதில் சொல்லலாம். இந்த எஞ்சின் எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் திணறாது, அணையாது. அந்தச் சீரான ஓட்டத்துக்காகவே எனக்கு இதன்மேல் பிரியம்.

தம்பிக்கு என் பதில்: வாங்க வேண்டாம். விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டு இம்பெல்லரை எஞ்சினோடு சேர்த்துக் கையில் கொடுத்தால் மட்டும் யோசியுங்கள். ஒவ்வொரு முறை கரையேறியதும் குழாய்த் தண்ணீர் விட்டு உள்ளே கழுவும் பொறுமையும் வேண்டும். அப்படியானால் உங்களுடையதை விற்கிறீர்களா என்று கேட்டார். விற்க மாட்டேன். ஒருவழியாகச் சாமான் வந்துவிட்டது, ஞாயிறு காலை ஏற்றத்துக்குள் பூட்டியாக வேண்டும்.