வேனில் செருகிவிட்டுப் போகும் "தண்டத் துண்டு": காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

இலங்கையின் மலையக டவுன் ஒன்றில், மாநகர சபையின் வாகனத் தரிப்பிடத்தில், "தண்டம்" (அபராதம்) என்று சொல்லி என்னிடம் 2,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். கடிதப் போக்குவரத்து இன்னும் முடியாததால் சபையின் பெயரை எழுதவில்லை. ஆனால் கிளினிக், வங்கி, கச்சேரி (மாவட்டச் செயலகம்) என்று தோட்டத்திலிருந்து டவுனுக்கு வாகனம் கொண்டு போகிறவர்களும், சீசனுக்கு மலையேறி வருகிறவர்களும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மாமாவைக் கண் கிளினிக்கிற்குக் காட்ட தலவாக்கலைப் பக்கமிருந்து போயிருந்தேன். ஆஸ்பத்திரிக்குள் வேன் நிறுத்த இடமில்லை. பக்கத்துத் தெருவில் வெள்ளைக் கோடு போட்டிருந்த இடத்தில் நிறுத்தினேன். மஞ்சள் கோடு இல்லை, தடைப் பலகையும் இல்லை. கட்டணப் பலகை ஒன்று இருந்தது, ஆனால் தொகை இருக்க வேண்டிய இடத்தில் யாரோ டியூஷன் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கட்டணத் துண்டு கொடுக்க ஆள் வருவார் என்று மழைக்குள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒருவரும் வரவில்லை.

திரும்பி வந்தபோது வைப்பருக்குக் கீழே பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு துண்டு. முழுக்கச் சிங்களத்தில் அச்சடித்தது. மணித்தியாலக் கட்டணத்துக்கான சாதாரண துண்டுதான் அது, அதன் மேல் "தண்டம்" என்று ரப்பர் முத்திரை குத்தி, தொகையைப் பேனையால் எழுதியிருந்தார்கள். அச்சடித்த துண்டில் தொகை மட்டும் கையெழுத்தாக இருந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது.

நாங்கள் வரும் வரை எங்கே நின்றாரோ தெரியாது, வேன் கதவைத் திறந்ததும் மஞ்சள் ஜக்கெட் போட்ட தம்பி ஒருவர் ஓடி வந்தார். "துண்டு எடுக்காம பார்க் பண்ணினா தண்டம் அண்ணே" என்றார். துண்டு கொடுக்க ஆளே இல்லையே என்றேன். "அது எனக்குத் தெரியாது, மாநகர சபைச் சட்டம்." எந்தச் சட்டம், வர்த்தமானி இருக்கிறதா என்று கேட்டதும் குரல் இறங்கியது. "சரி அண்ணே, ஐநூறக் குடுங்க, துண்டக் கிழிச்சிடுறேன்." உண்மையான தண்டமாக இருந்தால் பேரம் எப்படி வரும்?

ஐநூறு தர மாட்டேன், பற்றுச்சீட்டு தந்தால் மட்டும் பேசலாம் என்றேன். உடனே லைசனைத் தரச் சொன்னார். அதற்குள் இன்னொருவர் வந்து வேனுக்கு முன்னால் நின்றுகொண்டார். மாமா கண்ணில் மருந்து விட்டு, வெளிச்சம் பார்க்க முடியாமல் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே இருந்தார். அவரை வைத்துக்கொண்டு தெருவில் மல்லுக்கட்ட முடியாது. 2,000 ரூபாயையும் கொடுத்தேன். ஆனால் வாகன இலக்கம், நேரம், "பணம் பெற்றுக்கொண்டேன்" என்பதையெல்லாம் அந்தத் துண்டிலேயே எழுதி ஒப்பமிட வைத்தேன். துண்டையும் தெருவில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டையும் போஸ்டர் ஒட்டிய பலகையையும் படம் எடுத்தேன். பிறகு எனக்குக் கை கொடுத்தவை இவைதான்.

லைசன் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நம் ஆட்கள் பயப்படுவது அதற்குத்தான். போக்குவரத்துக் குற்றத்துக்கு அந்த இடத்திலேயே தண்டத் துண்டு எழுதுவது பொலிஸ். அவர்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு, 14 நாளைக்குச் செல்லும் தற்காலிக அனுமதிப்பத்திரம் தருவார்கள். அந்த 14 நாளுக்குள் தபால் கந்தோரில் பணம் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி லைசனைத் திருப்பி எடுக்கலாம். அந்தத் தவணை தப்பினால் தொகை இரட்டிக்கும், அப்புறமும் கட்டாவிட்டால் நீதிமன்றம். பொலிஸ் தண்டத்துக்கே கையில் காசு கொடுக்கும் வழக்கம் கிடையாது. அப்படியிருக்க தரிப்பிடக் கட்டணம் அறவிட சபையிடம் டெண்டர் எடுத்த குத்தகைக்காரரின் ஆள் லைசன் கேட்பது எந்தக் கணக்கில்?

அப்புறம் அலைச்சல் தொடங்கியது. சபையின் வருமானப் பகுதியில் "அது குத்தகைக்காரரோட வேலை" என்றார்கள். குத்தகைக்காரரின் ஆள் "சபை சொல்லித்தான் செய்றோம்" என்றார். பொலிஸில் போய்க் கேளுங்கள் என்று ஒருவர் சொன்னார். அங்கே அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எங்களுடையது இல்லை என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பாவது நேர்மையானது. கடிதத்தைக் கையில் வாங்கவே கந்தோரில் ஒருவரும் தயாரில்லை, அதனால் மாநகர ஆணையாளருக்குப் பதிவுத் தபாலில் தமிழில் எழுதினேன். பதில் சிங்களத்தில் வந்தது: விதிமீறல் நடந்திருக்கிறது, அறவிட்டது சரி, அவ்வளவுதான். எந்த விதி என்று ஒரு வரி இல்லை. தமிழ் 1987 முதல் அரச கரும மொழி, தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெற உரிமை இருக்கிறது என்று குறிப்பிட்டு, அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் பிரதி போட்டு மறுபடி எழுதினேன். அடுத்த கடிதம் தமிழில் வந்தது. எழுத்துப்பிழை நிறைய, ஆனாலும் தமிழ்.

விஷயம் நகர்ந்தது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால்தான். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அல்லது பேசாமல் இருந்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கு மேல் கொழும்பில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. நான் தண்டம் சரியா பிழையா என்றே கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் கதைதான் வரும், ஆவணம் வராது. தரிப்பிடக் கட்டணம் பற்றிய வர்த்தமானியின் பிரதி, குத்தகை ஒப்பந்தத்தின் பிரதி, என் துண்டின் தொடர் இலக்கம் உள்ள புத்தகம் யாருக்கு வழங்கப்பட்டது என்ற விபரம், இவற்றை மட்டும் கேட்டேன். முதலில் சத்தமில்லை. மேன்முறையீடு போட்ட பிறகு ஒப்பந்தம் வந்தது.

அதில் மணித்தியாலக் கட்டணம் இருக்கிறது. வாகனம் நிறுத்தியதும் துண்டு கொடுக்க வேண்டும், தொகை தெரியும்படி பலகை வைக்க வேண்டும் என்று இருக்கிறது. தண்டம் அறவிடும் அதிகாரம் குத்தகைக்காரருக்கு உண்டு என்று ஓர் இடத்திலும் இல்லை. வேறு சபைகளின் உப விதிகளும் ஒப்பந்தங்களும் வேறு மாதிரி இருக்கலாம், அதனால் உங்கள் டவுனின் பிரதியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இப்போதைய நிலைமை: சபை குத்தகைக்காரருக்கு "அறிவுறுத்தியுள்ளதாக" எனக்கு எழுதியிருக்கிறது. குத்தகைக்காரரின் ஆள் போன் எடுத்து, முறைப்பாட்டை வாபஸ் வாங்குகிறேன் என்று எழுதித் தந்தால் 2,000 ரூபாயையும் தருவதாகச் சொல்கிறார். நான் எழுதித் தரவில்லை. துண்டு, படங்கள், ஒப்பந்தப் பிரதி எல்லாம் மாகாண உள்ளூராட்சித் திணைக்களத்துக்குப் போயிருக்கின்றன.

ரப்பர் முத்திரை குத்திய இந்த மாதிரித் துண்டு உங்களிடமும் இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். தொடர் இலக்கம் தெரியும்படி படம் எடுத்து, திகதியையும் தெருவையும் குறித்து அதே திணைக்களத்துக்கு எழுதுங்கள். ஒரே புத்தகத்திலிருந்து பல துண்டுகள் போய்ச் சேர்ந்தால், இது ஏதோ ஒரு தம்பி தெரியாமல் செய்த வேலை என்று அவர்களால் சொல்ல முடியாது.