பாஸ்பீன் கழலும் ஆற்றல்: பி3எல்ஒய்பியா, எம்06-எல்லா, டிஎல்பிஎன்ஓவா?

கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்புகளின் பாதிகளை இடம் மாற்றிச் சேர்க்கும் கிரப்ஸ் ருத்தீனியம் வினையூக்கி வேலையைத் தொடங்க வேண்டுமென்றால், உலோகத்தோடு பிணைந்திருக்கும் ட்ரைசைக்ளோஹெக்சைல்பாஸ்பீன் ஈனி முதலில் கழல வேண்டும். கழன்ற பாஸ்பீனின் இடத்தில் மற்றொன்று வந்து அமரும் பரிமாற்றத்தை சான்ஃபோர்டு, லவ், கிரப்ஸ் ஆகியோர் பாஸ்பரஸ்-31 என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) மூலம் அளந்து 2001-இல் வெளியிட்டனர். 80 டிகிரி செல்சியஸில் டொலுயீன் கரைசலில் முதல் தலைமுறைச் சேர்மத்தின் வேக மாறிலி நொடிக்கு 9.6, ஒரு பாஸ்பீனின் இடத்தில் என்-ஹெட்டிரோசைக்ளிக் கார்பீன் அமர்ந்த இரண்டாம் தலைமுறைச் சேர்மத்துக்கோ 0.13 மட்டுமே. ஒட்டுமொத்த வினையில் முந்துகிற சேர்மம்தான் பாஸ்பீனை விடுவிப்பதில் பிந்துகிறது. பாஸ்பீன் கழலும் ஆற்றலைக் கணினியில் கணிக்கும் முறைகளுக்கு இது சரியான உரைகல்.

அவற்றுள் நீண்ட காலம் கோலோச்சிய பி3எல்ஒய்பி, மின்னணு அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் கணிக்கும் சார்பியங்களுள் ஒன்று; அது அணுக்களுக்கிடையிலான லண்டன் கவர்ச்சியை (மின்னணு ஏற்ற இறக்கங்களால் எழும் மெல்லிய ஈர்ப்பை) காண்பதே இல்லை. சைக்ளோஹெக்சைல் வளையங்களும் கார்பீனின் மெசிட்டைல் தொகுதிகளும் நெருங்கி நிற்கும் இந்தச் சேர்மங்களில் அந்தக் கவர்ச்சிக்குப் பிணைப்பாற்றலில் கணிசமான பங்கு உண்டு என்பதால், பிணைப்பு மிகவும் வலுக்குறைந்ததாகக் கணக்கில் வந்துவிடுகிறது. ட்ரூலர் குழுவின் எம்06-எல் இக்கவர்ச்சியின் நடுத்தூரப் பகுதியைச் சார்பியத்துக்குள்ளேயே பொதிந்து வைத்திருப்பதால் இங்கே தெளிவாக மேலானது. இக்கவர்ச்சியைத் தனியே கூட்டித் தரும், கிரிம்மி 2010-இல் தந்த டி3 திருத்தத்தைப் பி3எல்ஒய்பியுடன் சேர்ப்பதற்கோ ஏறத்தாழக் கூடுதல் செலவே இல்லை. ஆகவே திருத்தமில்லாத பி3எல்ஒய்பியை இன்று பயன்படுத்த எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

சார்பியத்தை நாடாமல் அலைச்சார்பிலிருந்தே கணக்கிடும் டிஎல்பிஎன்ஓ-சிசிஎஸ்டி(டி) மின்னணு ஆற்றலுக்கு இவற்றைவிட நம்பகமானது. ஆனால் நினைவகமும் நேரமும் நிறையக் கேட்கும் என்பதால், அமைப்பை டி3 சேர்த்த சார்பியத்தில் செம்மைப்படுத்தி, இறுதி ஆற்றலை மட்டும் இதில் கணக்கிடுவதே நடைமுறை.

எந்த முறையைத் தேர்ந்தாலும் தீராத சிக்கல் கரைப்பானில் இருக்கிறது. பாஸ்பீன் விலகும்போது இழக்கும் கவர்ச்சியின் ஒரு பகுதியை டொலுயீன் மூலக்கூறுகள் ஈடுசெய்கின்றன. எனவே டி3 சேர்த்த வாயுநிலை ஆற்றலை அப்படியே கரைசல் அளவீட்டோடு ஒப்பிட்டால் பிணைப்பு மிகையாகத் தெரியும். என்ட்ரோபி எதிர்த்திசையில் பிழை செய்கிறது: அதை மிகையாகக் கணக்கிட்டால் பாஸ்பீன் எளிதில் கழல்வதாகத் தெரியும். முதல் தலைமுறைக்கு அளந்த கிளர்வு என்ட்ரோபி கெல்வினுக்கு, மோலுக்கு ஏறத்தாழ 12 கலோரிதான்; முழுதும் பிரிந்த இரு துகள்களுக்கு நல்லியல்பு வாயுச் சமன்பாடு தரும் மதிப்போ அதைவிட வெகு அதிகம். திருத்தமில்லாத பி3எல்ஒய்பி சில வேளைகளில் சோதனைக்கு அருகே வந்து நிற்பது, மூலக்கூறுக்குள் விடுபட்ட கவர்ச்சி என்ற பிழையைக் கரைப்பானின் ஈடு விடுபட்ட பிழை அடிப்பதால்தான்.

ஆகையால் தனியொரு தடையாற்றலைவிட, இரு தலைமுறைகளின் வேறுபாட்டையே நான் முதலில் பார்ப்பேன். சோதனையில் அது 298 கெல்வினில் மோலுக்கு ஏறத்தாழ 3 கிலோகலோரி. கரைப்பான் மாதிரியும் என்ட்ரோபிக் கணக்கும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கும்போது அவற்றின் பிழைகள் பெரிதும் கழிந்துபோகும். அப்போதும் வரிசை தலைகீழாக வந்தால், சார்பியத்தைக் குறை கூறுவதற்கு முன் சைக்ளோஹெக்சைல் வளையங்களின் வடிவமைப்புகளைச் சரியாகத் தேடினோமா என்று பார்க்க வேண்டும்.